இருநூற்றுப் பதினாலில் இருந்த மலை

போடியில் பிறந்தவளை
வாலிநோக்கத்தில் வேலைக்குப் போட்டார்கள்.
முதல் மாதம் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம்
மேற்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டதுபோல் இருந்தது.
கண் போய்ச் சாய ஒரு சுவர் இல்லை.

"மலைதானே? இங்கேயும் ஒண்ணு கெடக்கு" என்றாள்
பக்கத்து வீட்டு மைமூன் ரிபாயா.
தையல்காரி. சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிய சீட்டை
பட்டன் டப்பாவில் மடித்துப் போட்டு வைத்திருப்பவள்.

ஞாயிறு. ஐந்தரை மணி.
கச்சான் காற்று இன்னும் எழுந்திருக்கவில்லை.
குரங்கணி ஏறிய பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தேன்.
என் காலைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

உப்பளத்து வரப்பில் ஒரு மைல்.
பாத்திகளில் தண்ணீர்
ஆறின பாலைப்போல் ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.
அப்பால் பூநாரைகள்,
மற்றக் காலை எங்கே வைத்தோமென்று
யோசித்தபடி.
பிறகு ஓடைமரங்கள், முள், ஆட்டுப் புழுக்கை,
பிறகு அடப்பங்கொடி,
பிறகு எதுவும் இல்லை, மணல் மட்டும்.

இரண்டடி ஏறினால் ஒன்றரை அடி
வட்டியாகப் பிடித்துக்கொண்டது.
பூட்ஸுக்குள் ஆளுக்கொரு குட்டி மலை.
கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டேன்.
"இப்பத்தான் நடக்கவே ஆரம்பிச்சிருக்கீங்க" என்றாள் மைமூன்,
மேலே இருந்து, மூச்சு வாங்காமல்.
ராவணன் மீசை ஒன்று உருண்டை உருண்டையாக
எங்களைத் தாண்டி ஓடியது.
அதற்கு மட்டும் ஏதோ அவசரம்.

நான் கிராம நிர்வாக அலுவலர்.
புலப்படத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறவள்.
மணல்மேடு: சர்வே எண் இருநூற்றுப் பதினாலு, புறம்போக்கு.
ஆனால் நாங்கள் கடந்துவந்த இருநூற்றுப் பதினாலில்
சமதரையும் சிப்பியும்
உடைந்த கிணற்று உறை ஒன்றும்தான் கிடந்தன.
மேடு எழுந்து
எந்தக் கல்லையும் மதிக்காமல்
இருநூற்றுப் பதினைந்துக்குப் போயிருந்தது,
சூசைமிக்கேலின் பட்டாவுக்கு,
அவருடைய பனங்காட்டுக்குள்.

உச்சியில் மூன்று புதர்கள் என்று நினைத்தேன்.
கிட்டப் போனால் அவை பனைகள்.
கழுத்துவரை மணல்.
கொண்டை என் இடுப்புக்கு நேரே
பச்சையாக அசைந்தது.
ஒரு பாளையில் கலயம் ஒன்று கட்டியிருந்தது.
நாற்பது அடி தொற்றி ஏறி யாரோ கட்டியது.
நான் சும்மா குனிந்து எட்டிப்பார்த்தேன்.
உள்ளே மணல். ஓர் எறும்பு.
அப்போதுதான் உள்ளங்கால் கூசியது.
எனக்குக் கீழே
இருட்டில்
ஒரு மரம் முழுக்க நின்றுகொண்டிருக்கிறது.

போடியிலிருந்து தம்பி கூப்பிட்டான்.
"மலை ஏறுறியாமே? என்ன உயரம்?"
"ஒரு பனை உயரம்."
சிரித்தான். சிரிக்கட்டும்.
தெற்கே கடலில் நல்லதண்ணித் தீவு
ஈர்க்குச்சித் தடிமனில் கிடந்தது.
வடக்கே உப்பு, பள்ளிவாசல் மினாரா,
பஸ் ஒன்று கிளப்பிய புழுதி.
இத்தனையும் பார்க்க
இதற்குமேல் உயரம் எதற்கு?

இறங்கும்போது முட்டி வலிக்கவில்லை,
மணல் எங்களைத் தூக்கிக்கொண்டே இறங்கியது.
அடிவாரத்தில் மைமூன் கையால் பள்ளம் பறித்தாள்.
கடல் நூறடியில் இரைகிறது,
ஊறியதோ குடிதண்ணீர்.
ஒரு மடக்குக் குடித்து
"சப்புன்னு இருக்கு. எனக்கேத்த தண்ணி" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன்.
காற்று எழுந்துவிட்டிருந்தது.
நாங்கள் ஏறிய தடம்
பாதிக்குமேல் இல்லை.

திங்கட்கிழமை
கோப்பின் அடியில் எட்டு மாதமாகக் கிடந்த
சூசைமிக்கேலின் மனுவை எடுத்தேன்.
"என் நிலத்தில் மேடு நுழைகிறது,
ஆவன செய்ய வேண்டுகிறேன்."
முன்பு படித்தபோது
குடித்துவிட்டு எழுதியிருப்பார் என்று நினைத்தேன்.

'நேரில் பார்வையிடப்பட்டது.
மேடு உள்ளது' என்று எழுதினேன்.
பேனா நின்றது.
'உள்ளது' என்பதை அடித்துவிட்டு
'வந்துகொண்டிருக்கிறது' என்று திருத்தி,
சுருக்கொப்பமிட்டேன்.